ஜெஃபர்சனுக்கு வந்த கடிதம்

நன்மை எதுவென்று உண்மையாகவே அறிந்தவன் தெரிந்தே தீமை செய்யமாட்டான் என்பது சாக்ரடீஸின் கட்சி. அறிவு அறத்தைக் காட்டலாம். அதன் வழி நடத்தவும் செய்யுமா? இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது தத்துவ நூல் எதுவும் அல்ல. 1814-இல் அமெரிக்காவில் இருவருக்கிடையே நடந்த சிறியதொரு கடிதப் போக்குவரத்து.

எட்வர்ட் கோல்ஸ், 1786-இல் வர்ஜீனியாவின் செல்வப் பண்ணைக் குடும்பமொன்றில் பிறந்தவர். வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் மனிதரனைவரும் பிறப்பால் சமம் என்று பாடம் நடந்தபோது, அப்படியானால் அடிமைகளை வைத்திருப்பது எப்படி நியாயம் என்று கேட்டார். நியாயமில்லைதான், ஆனால் விடுபடும் வழி எளிதல்ல என்ற பாணியில் பதில் வந்ததாம். அந்த ‘ஆனால்’ அவருக்குச் செரிக்கவில்லை. தன் பங்குக்கு வரும் அடிமைகளை விடுவிப்பதென முடிவு செய்தார். தந்தை இருந்தவரை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அறத்துக்கும் கொஞ்சம் தந்திரம் வேண்டியிருக்கிறது போலும்.

1814 ஜூலையில், ஜனாதிபதி மாடிசனின் அந்தரங்கச் செயலாளராக இருந்த கோல்ஸ், ஜெஃபர்சனுக்கு எழுதினார். அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க ஒரு திட்டம் வகுத்துத் தலைமை தாங்க வேண்டும் என்பது வேண்டுகோள். சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவரை விட்டு வேறு யாரிடம் கேட்பது? ஆகஸ்டில் பதில் வந்தது. ஜெஃபர்சன் அடிப்படை வாதத்தை மறுக்கவேயில்லை. நம்மை உறுத்த வேண்டிய இடம் இதுதான். நீதியும் நாட்டுப்பற்றும் அந்த மக்களின் பக்கமே என்று ஒப்புக்கொண்டுவிட்டு, தனக்கு 71 வயதாகிவிட்டது, முதிய பிரியாமை ஹெக்டரின் கவசத்தை அணியச் சொல்வது போலிருக்கிறது, இளையவர்கள் செய்யட்டும் என்றார். கோல்ஸ் விடவில்லை, பெஞ்சமின் ஃப்ராங்க்ளினை நினைவூட்டினார். அடிமை முறைக்கெதிராகக் காங்கிரசுக்குப் போன விண்ணப்பத்தில் 1790-இல் கையெழுத்திட்டபோது ஃப்ராங்க்ளினுக்கு 84 வயது.

ஜெஃபர்சனிடம் பகுத்தறிவுக்கா பஞ்சம்? கூரிய அறிவு சாக்குகளையும் கூராகவே தீட்டித் தரும், வர்ஜிலிலிருந்து உவமை சகிதம். வாழ்நாளில் அவருக்கு உடைமையாயிருந்த மனிதர்கள் 600-க்கும் மேல். 1826-இல் அவர் மறைந்தபோது உயிலால் விடுதலை பெற்றவர் ஐவர். அடுத்த ஜனவரியில் மாண்டிசெல்லோவில் ஏலத்துக்கு வந்தவர்கள் சுமார் 130 பேர்.

இதை மட்டும் வைத்து அறிவு பயனற்றது என்று முடித்தால் அது கோல்ஸுக்கு இழைக்கும் அநீதி. அவரை மாற்றியது ஒரு வகுப்பறை வாதம்தான். 1819 ஏப்ரலில், ஓஹையோ நதியில் மிதந்த படகில், தன் அடிமைகளைக் கூட்டி, இனி நீங்கள் சுதந்திரர் என்றார். இல்லினாயில் குடும்பத் தலைவர்களுக்கு 160 ஏக்கர் நிலமும் கொடுத்தார். அவர்கள் அவர் கைக்கு வந்தது 1808-இல் என்பதையும் சொல்லியாக வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளெல்லாம் அவர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள். 1822-இல் இல்லினாயின் கவர்னரானார். அங்கே அடிமை முறையைச் சட்டமாக்க வழிதேடிய முயற்சி 1824 வாக்கெடுப்பில் 4972-க்கு 6640 என்று தோற்றதில் அவருடைய பங்கு பெரிது.

கோல்ஸ் 1868 வரை வாழ்ந்தார். அடிமை முறை நாடு முழுவதும் ஒழிந்ததைக் கண்ணால் பார்த்தார். அவருடைய மகன் ராபர்ட்ஸ் 1862-இல் ரோவனோக் தீவுப் போரில் இறந்தான். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படையில் நின்று.