படமும் ஒலியும் வளர்த்த நிரலாக்கம்

ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் என்றாலே நம் கல்லூரிகளில் நினைவுக்கு வருவது வங்கிக் கணக்கு உதாரணம்தான். பணம் போடு, பணம் எடு, மீதியைக் காட்டு. தேர்வுக்கு நான்கு விளக்கங்களை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் இந்த முறையின் வரலாற்றைப் புரட்டினால் வங்கி எங்குமே வராது. படமும் ஒலியும்தான் வரும்.

1957-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் என்ற பொறியாளர், கணினியில் இசை எழுப்பும் நிரல் ஒன்றை எழுதினார். அதன் பிந்தைய பதிப்புகளில் ஒரு வாத்தியம் எப்படி ஒலிக்க வேண்டும் என்று ஒருமுறை எழுதி வைத்தால் போதும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஸ்வரமும் அந்த வாத்தியத்தின் தனிப் பிரதியாக, தனக்கென்று ஒரு சுருதியும் கால அளவும் கொண்டு ஒலிக்கும். இன்று நாம் கிளாஸ் என்பதும் ஆப்ஜெக்ட் என்பதும் ஏறக்குறைய இதுதான். பெயர்தான் அப்போது இல்லை.

1963-ல் எம்.ஐ.டி. மாணவர் ஐவன் சதர்லண்ட், தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலைச் செய்தார். ஒளிப்பேனாவால் திரையில் நேரடியாகக் கோடு போடலாம். மூலப்படம் ஒன்றை வரைந்து, அதற்கு எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். மூலத்தைத் திருத்தினால் எல்லாப் பிரதிகளும் தாமே திருந்திவிடும்!

அதே காலத்தில் நார்வேயில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் சிமுலா மொழியை உருவாக்கினார்கள். கிளாஸ் என்ற கருத்து 1967-ல் வந்த சிமுலா பதிப்பில் இடம்பெற்றது.

ஸ்கெட்ச்பேடையும் சிமுலாவையும் 1966-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் சந்தித்தவர் ஆலன் கே. உயிரியல் படித்தவர், கிட்டார் வாசிப்பவர். உடலில் செல்கள் இருப்பதுபோல நிரலுக்குள் ஆப்ஜெக்டுகள் இருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. ஒவ்வொன்றும் தன் உள்விவகாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். மற்றவற்றோடு செய்தி மூலம் மட்டுமே பேசும். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் என்ற பெயரும் அவர் வைத்ததே.

1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் இந்த எண்ணம் ஸ்மால்டாக் மொழியாக உருவெடுத்தது. அதை முதலில் இயங்க வைத்தவர் டான் இங்கால்ஸ். அங்கே அடீல் கோல்ட்பர்க் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய விதம் அழகானது. திரையில் ஒரு பெட்டி. அதன் பெயர் ஜோ. 'ஜோ, வளர்' என்றால் பெரிதாகும். 'ஜோ, திரும்பு' என்றால் திரும்பும். பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டு வேகமாக முன்னேறினார்கள். 12 வயதுச் சிறுமி ஒருத்தி சொந்தமாக ஓவியம் வரையும் நிரலையே எழுதிவிட்டாள். அதே கணினியில் இசைக்கட்டைகளை இணைத்து வாசிக்கவும், வாசித்ததைத் திரையில் பார்த்துத் திருத்தவும் முடிந்தது.

1979-ல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் அங்கே வந்தார். திரையின் அழகில் மயங்கி, அதன் அடியில் இருந்த ஆப்ஜெக்ட் முறையைக் கவனிக்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஜன்னலும் ஐகானும் உலகமெங்கும் பரவின. ஆனால் அவற்றைத் தானே பிரித்துப் பார்த்து மாற்றும் சுதந்திரம் பயனாளருக்குக் கூடவே வரவில்லை. ஆப்ஜெக்ட் முறை தொழில்முறை நிரலாளர்களின் கருவியானது. குழந்தைகள் மறக்கப்பட்டார்கள்.

முழுவதுமாக அல்ல. 1996-ல் கே குழுவினர் ஸ்மால்டாக்கை ஸ்க்வீக் என்ற பெயரில் மீண்டும் கொண்டுவந்தனர். அதை வைத்தே எம்.ஐ.டி.யில் எழுதப்பட்ட ஸ்க்ராட்ச் 2007-ல் வெளியானது. அதில் திரையில் ஓடும் பூனைக்குத் தனக்கென்று உருவங்கள், ஒலிகள், கட்டளைகள் உண்டு. ஜோவின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம்.

பள்ளிப் பிள்ளைகள் விளையாடிப் புரிந்துகொண்ட ஒன்றைக் கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். பாடம் கடினமானது அல்ல. வங்கிக் கணக்குக்குப் பதில் ஒரு பெட்டியையோ ஒரு ஸ்வரத்தையோ முதலில் கையில் கொடுத்துப் பார்க்கலாம்.