காலாவுக்குச் சால்மன் என்று பெயர்

பீன்யாத் தொழிற்பேட்டையை ஒட்டிய மீன்கடை ஒன்றில், பனிக்கட்டிமேல் அடுக்கியிருந்த மீன்களுக்கு 'இந்தியன் சால்மன்' என்று பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். கடலைக் காண ஓர் இரவுப் பயணம் வேண்டிய ஊர் இது. அருகில் சென்று பார்த்தேன். நம் கரையின் காலா மீன்.

சால்மன் வடகடல் மீன். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆறேறுவது. காலாவுக்கும் அதற்கும் உறவில்லை. காலாவின் மார்புத் துடுப்புக்குக் கீழே நான்கு இழைகள் தனித்து நீண்டிருக்கும். விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றிப் பாட்ரிக் ரஸ்ஸல் 1803இல் நூல் வெளியிட்டார். மறு ஆண்டு ஜார்ஜ் ஷா இம்மீனுக்கு 'நான்கு விரலுடையது' என்று பொருள்படும் அறிவியற்பெயரைச் சூட்டினார். மீனின் உடலைப் பார்த்து வைத்த பெயர் அது. கடைப்பலகையில் நிற்பதோ வேற்றுநாட்டு மீனின் பெயர்.

இத்தகைய மயக்கம் மீனின் பெயரோடு நிற்பதில்லை; தொழிலின் பெயரிலும் உண்டு. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், மெல்லச் செல்லும் சிறுபடகின் பின்னே தூண்டிற்கயிற்றை இழுத்துச் சென்று சால்மன் பிடிப்பார்கள். ஆங்கிலத்தில் அது 'டிரோலிங்'. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடித் தொழில் 'டிராலிங்'. ஆய்வின் முதலாண்டில் நானே இவ்விரண்டையும் குழப்பி, தூத்துக்குடியின் பாய்மர வள்ளங்கள் இழுவைமடி இழுத்தன என்று எழுதிவிட்டேன். வள்ளத்தொழிலில் முதிர்ந்த பெரியவர் ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். அவர்கள் இழுத்தது தூண்டிலை. வேண்டியது வஞ்சிரம், சூரை, பாரை.

அத்தொழிலுக்குப் புதிதாக வருபவன் முதலில் அறிய வேண்டியது வள்ளத்தின் வேகம் என்றார் அவர். மெல்லச் சென்றால் இரை உயிரற்றுத் தொங்கும். விரைந்தால் நீர்மேல் துள்ளும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஓட்டத்தில்தான் அது நீந்தும் மீனாகத் தோன்றும். வஞ்சிரத்தின் பல் கயிற்றை அறுக்கும். ஆகவே முள்ளை ஒட்டிக் கம்பி வேண்டும். சால்மன் ஆழத்தில் திரியும்போது ஈயக் குண்டால் இரையைத் தாழ்த்துவார்கள். மீனும் கடலும் வேறு. கற்க வேண்டிய பாடம் ஒன்றே.

1952இல் கையெழுத்தான இந்திய–நார்வே ஒப்பந்தத்தின்படி, 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்வளத் திட்டம் தொடங்கியது. சிறுபடகுகளுக்கு இயந்திரம் பொருத்துவது அதன் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று. பின்னர் இறால் ஏற்றுமதி பெருகவே, இழுவைமடி முன்னுக்கு வந்தது. தமிழகக் கரையிலும் விசைப்படகினருக்கும் நாட்டுப்படகினருக்கும் மோதல்கள் மூண்டன. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடுத்தது. இன்று கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்நாள்களில் நாட்டுப்படகுகள் கடலுக்குச் செல்கின்றன.

இவ்வளவு வேறுபட்ட இரு தொழில்களை ஒன்றாக எழுதுவது வெறும் எழுத்துப்பிழை அன்று. ஒவ்வொரு மீனாகப் பிடித்தவரை, கடலடியை வாரியவராகப் பதிவுசெய்யும் பிழை அது. கடல் எப்படி வறண்டது என்று நாளை ஒருவர் ஆராயும்போது, அந்தப் பதிவு குற்றமற்றவர் மேல் பழியை ஏற்றும். என் கட்டுரையில் அவ்வரியைத் திருத்திவிட்டேன்.

கடையில் காலா என்று கேட்டேன். விற்றவருக்குப் புரியவில்லை, பலகையைக் காட்டி வாங்கி வந்தேன். படகின் பின்னே இழுக்கும் இத்தூண்டிலுக்கு உங்கள் கடற்கரையில் என்ன பெயர் வழங்குகிறது? அறிந்தோர் ஊர்ப்பெயருடன் எழுதுங்கள். உரிய பெயரோடு குறித்துவைக்க விழைகிறேன்.