செனட்டில் வாத்தியாருக்கு ஒரு நாற்காலி



போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸப் குழுவில், கல்லூரியில் பாடம் நடத்தும் ஒருவர் "செனட், சிண்டிகேட்" என்று ஏதோ எழுதினார். உடனே சிப்காட்டில் வேலை பார்க்கும் இன்னொருவர், "சிண்டிகேட் பேங்க்கைத்தான் கனரா பேங்க்கோடு சேர்த்துட்டாங்களே சார்" என்றார். விழுந்து விழுந்து சிரித்தேன். அதே சமயம், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் நமக்கு அந்தக் கல்லூரியை யார் ஆள்கிறார்கள் என்று தெரியாமல் இருக்கிறதே என்றும் தோன்றியது. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செனட் என்றால் ஆட்சிப் பேரவை. சிண்டிகேட் என்றால் ஆட்சிக்குழு. பணம், நியமனம், அன்றாட நிர்வாகம் எல்லாம் ஆட்சிக்குழு கையில். படிப்பு, தேர்வு சம்பந்தப்பட்டதைப் பார்க்கக் கல்விக்குழு. இவற்றில் ஆசிரியருக்கு எத்தனை நாற்காலி என்பதுதான் நூற்றைம்பது வருடத்துக்கு மேலான கதை.

ஐரோப்பாவில் பாரிஸ், ஆக்ஸ்போர்டு போன்ற பழைய பல்கலைக்கழகங்கள் ஆசிரியர்கள் கூடி அமைத்துக்கொண்ட சங்கங்களாகத்தான் வளர்ந்தன. நம் ஊர் நெசவாளர் சங்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டில் இன்றைக்கும் ஆசிரியர்கள் நிறைந்த பொதுப்பேரவைதான் மேல். 2006-இல் அங்கே துணைவேந்தர் கொண்டுவந்த நிர்வாகச் சீர்திருத்தத்தையே வாக்கெடுப்பில் தோற்கடித்து அனுப்பினார்கள்.

நம் கதை வேறு. 1857 செப்டம்பரில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்தபோது அதில் பாடம் நடத்த ஒரு ஆசிரியர்கூட இல்லை! லண்டன் பல்கலைக்கழகத்தின் அந்தக்கால முறையைப் பார்த்துச் செய்தது. கல்லூரிகள் பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். வேந்தர் கவர்னர். முதல் துணைவேந்தர் சர் கிறிஸ்டோபர் ராலின்சன், மதராஸ் தலைமை நீதிபதி. செனட் உறுப்பினர்களை அரசாங்கமே நியமித்தது. அதிகாரிகள், நீதிபதிகள், பாதிரிமார்கள், நடுவில் சில கல்லூரி முதல்வர்கள். அதுவும் ஆயுள் முழுக்கப் பதவி.

இதில் நம் பக்கத்துச் சங்கதி ஒன்று உண்டு. தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்தார் அல்லவா? அந்தக் கல்லூரியும் அப்போது மதராஸோடு இணைந்ததுதான். 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் அந்த வழி பிரிந்தது.

கர்சன் பிரபு 1904-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். செனட் அளவைச் சுருக்கி, ஆயுள் பதவியை ஐந்து வருடமாக்கி, அரசாங்கத்தின் பிடியை இறுக்கினார். கோகலே சபையில் எதிர்த்துப் பேசியும் நிறைவேறிவிட்டது. சென்னைக்குச் சொந்தமாகப் பேராசிரியர்கள் வந்ததே 1914, 1915 வாக்கில்தான். வரலாற்றுக்கு எஸ். கிருஷ்ணசாமி அய்யங்கார், பொருளாதாரத்துக்கு கில்பர்ட் ஸ்லேட்டர். பிறகு நீதிக்கட்சி ஆட்சியில் கல்வி அமைச்சர் ஏ. பி. பாத்ரோ கொண்டுவந்த 1923-ஆம் வருடச் சட்டம். எனக்கு இதுதான் பெரிய திருப்பமாகப் படுகிறது. பாடம், தேர்வு இவற்றைப் பார்க்கக் கல்விக்குழு என்று தனியாக ஒன்று வந்தது. பாடம் நடத்துகிறவனுக்கும் பாடத்தைப் பற்றிப் பேச இடம் உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டது. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன். சென்னையிலிருந்து புத்தகம் வரும், நடத்துவோம். "இந்தப் பாடம் இந்த வயசுக்குக் கனம்" என்று சொல்ல எனக்கு எந்தச் சபையிலும் நாற்காலி இருந்ததில்லை. அதனால் அந்த 1923 எனக்குப் பெரிதாகத் தெரிகிறதோ என்னவோ!

நாற்காலி கிடைத்தாலும், வேலை நிலைத்தால்தானே வாய் திறக்க முடியும்? தனியார் கல்லூரிகளில் நிர்வாகம் நினைத்தால் ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற நிலைதான் வெகுகாலம். ஆசிரியர் சங்கங்கள் பல வருடம் போராடின. 1976-இல் வந்த தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், முன் அனுமதி வாங்காமல் ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்றது. செனட் பெருமை பேசுகிறவர்கள் இந்தச் சட்டத்தை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 1997-இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அதுதான் தாய்வீடு. அதில் ஆட்சிப் பேரவை உண்டு. இணைந்த கல்லூரி ஆசிரியர்கள் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியை அனுப்பலாம். அதே ஓசூரில் பொறியியல் கல்லூரி ஆசிரியருக்கு? அவர் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். அங்கே ஆட்சிக்குழு உண்டு, கல்விக்குழு உண்டு, செனட்டே கிடையாது. சரி, ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால்? கர்நாடகத்தின் 2000-ஆம் வருடச் சட்டத்திலும் செனட் இல்லை. ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போகிற மூன்று விரிவுரையாளர்களில் ஒருவருக்கு மட்டும் அந்தச் சீட்டு!

இதனால் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரைத் தேடும் குழுவில் மூன்று பேர். வேந்தர் சார்பில் ஒருவர், செனட் சார்பில் ஒருவர், சிண்டிகேட் சார்பில் ஒருவர். எங்கோ ஒரு கல்லூரியில் ஆசிரியர் போட்ட வாக்கு துணைவேந்தர் நியமனம் வரைக்கும் எட்டுவது இந்த மெல்லிய நூல் வழியாகத்தான். 2023-இல் வேந்தரான ஆளுநர், யு.ஜி.சி. சார்பில் நான்காவது ஆளையும் சேர்த்துக் குழு அமைத்தார். மாநில அரசு ஏற்கவில்லை. அந்த ஆகஸ்டிலேயே சென்னையில் துணைவேந்தர் நாற்காலி காலியாகியிருந்தது. 2022-இலேயே நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியிருந்தது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. மே மாதம் உயர் நீதிமன்றம் அந்த நியமன அதிகார மாற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

யார் பக்கம் நியாயம் என்று இங்கே கட்சி கட்ட வேண்டாம், கமெண்டில் சண்டையும் வேண்டாம். நான் கவனித்தது ஒன்றுதான். ஆளுநரா, அரசா, யு.ஜி.சி.யா என்று இத்தனை பேச்சு நடந்தது. வகுப்பில் நிற்கிறவரின் வாக்கு பற்றிப் பேசியவர்கள் குறைவு.

நம் பிள்ளை ஒருத்தி முனைவர் பட்டம் வாங்கிவிட்டு ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறாள். நிரந்தர ஆசிரியர் எடுக்கிற அதே பாடம், அதே விடைத்தாள் கட்டு. செனட் தேர்தல் பற்றிக் கேட்டேன். "சார், வாக்காளர் பட்டியல்ல எங்க பேரே வராது. துறைக் கூட்டத்துலயே எங்களைக் கடைசி வரிசையில உட்கார வைப்பாங்க" என்றாள். அவளைப் போல அந்தக் கல்லூரியில் எத்தனை பேர் என்று கேட்டேன். பாதிக்கு மேல் என்றாள்.

செனட் தேர்தலில் நின்றவர்கள், வாக்களித்தவர்கள் நம் பிள்ளைகளில் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். உள்ளே போய்ப் பேசினால் காது கொடுத்துக் கேட்கிறார்களா, அதையும் எழுதுங்கள்.