முதலில் எதைப் படிப்பது? நகரமைப்புக் கல்வியின் வாசிப்பு வரிசை குறித்து

நகரமைப்பு பயில வருபவருக்கு எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒரே பட்டியல்தான் தரப்படுகிறது. ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் எழுதிய ‘அமெரிக்கப் பெருநகரங்களின் இறப்பும் வாழ்வும்’, கெவின் லிஞ்ச் 1960-இல் வெளியிட்ட ‘நகரத்தின் படிமம்’, யான் கெல், வில்லியம் ஒயிட், இன்னும் பின்னே போக விரும்பினால் எபனேசர் ஹோவர்டின் தோட்ட நகர நூல். இவற்றின் தகுதியில் ஐயமில்லை. ஆனால் தமிழகத்து மாணவர் முதலில் கையிலெடுக்க வேண்டியவை பேட்ரிக் கெடிஸ் 1914, 1915 ஆண்டுகளில் சென்னை மாகாணத்து ஊர்களைப் பற்றி எழுதிய அறிக்கைகளே என்பது இக்கட்டுரையின் வாதம். முதலில் படிக்கும் நூல், ஊரைப் பார்க்கும் கண்ணைப் பழக்கிவிடுகிறது. பிறகு படிப்பதையெல்லாம் அந்தக் கண் கொண்டுதான் படிக்கிறோம்.

ஸ்காட்லாந்துக்காரரான கெடிஸ் தாவரவியல் பேராசிரியர். சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் 1914-இல் இந்தியாவுக்கு வந்தார். அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்திருந்த நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் வேறொரு கப்பலில் வந்துகொண்டிருந்தன. சென்னையில் குண்டு வீசிய அதே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. இங்கிலாந்திலிருந்த நண்பர்கள் மீண்டும் படங்களைத் திரட்டி அனுப்ப, 1915-இன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தது. அதையொட்டித் தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட ஊர்களைச் சுற்றிப் பார்த்து அவர் அறிக்கைகள் எழுதினார். ஜாக்குலின் டிரிவிட் அவற்றிலிருந்தும் பிற இந்திய அறிக்கைகளிலிருந்தும் தேர்ந்தெடுத்துத் தொகுத்த ‘இந்தியாவில் பேட்ரிக் கெடிஸ்’ 1947-இல் வெளிவந்தது.

அத்தொகுப்பில் தஞ்சைக் கோட்டைக்குள் இருந்த நெருக்கடியான குடியிருப்பு ஒன்றின் மூன்று வரைபடங்கள் உள்ளன. முதல் படம் அன்றிருந்த நிலையைக் காட்டுகிறது: வளைந்து செல்லும் சந்துகள், ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள். இரண்டாவது படம் நகராட்சியின் திட்டம். அளவுகோல் வைத்து இழுத்தாற்போன்ற நேர்த்தெருக்கள் வீடுகளை ஊடறுத்துக் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. மூன்றாவது கெடிஸின் பரிந்துரை. பழைய சந்துகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. பாழடைந்த சில கட்டடங்களை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடங்களைச் சிறு திறந்தவெளிகளாக்கி மரம் வைக்கச் சொல்கிறார். இம்முறைக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் காப்பு அறுவை எனலாம். காற்றும் வெளிச்சமும் கிடைக்கும், இடிபடும் வீடுகளும் குறையும், செலவும் குறையும் என்று அவர் வாதிட்டார். வீடிழந்தவர்கள் அடுத்த தெருவில் போய் நெருக்கிக்கொண்டுதான் வாழ்வார்கள், ஆகவே நெருக்கடி நீக்கம் என்ற பெயரில் நடப்பது நெருக்கடியை இடம் மாற்றுவதுதான் என்று எழுதினார். இந்த வாதத்தை இன்று வரை யாரும் மறுத்ததாக நான் கருதவில்லை.

அறுவைக்கு முன் நோயறிதல் வேண்டும். கையில் வரைபடத்துடன் ஒவ்வொரு சந்திலும் நடந்து, எந்த வீடு நல்ல நிலையில் இருக்கிறது, எது பாழ், எங்கே கிணறு, எங்கே மரம் என்று குறித்துக்கொள்வதே கெடிஸின் ஆய்வு. குளங்களைப் பற்றி அவர் எழுதியதும் இந்தக் கண்ணால் பார்த்ததுதான். மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க வேண்டும் என்பது அக்காலச் சுகாதாரத் துறையினர் பலரின் முடிவு. மீனும் வாத்தும் வளர்த்தால் கொசுப்புழு ஒழியும், குளம் ஊரைக் குளிர்விக்கும், வெள்ளத்தைத் தாங்கும் என்று கெடிஸ் எதிர்த்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னையில் கடந்தவர்கள் இந்தப் பக்கங்களை நிதானமாகப் படிக்க வேண்டும்.

இதற்குப் பின் ஜேக்கப்ஸைப் படித்தால் அவர் நூல் வேறு விதமாகத் திறக்கிறது. பெருந்திட்டங்களின் பெயரால் குடியிருப்புகளை வழித்தெடுப்பதை எதிர்த்தவர் அவர். கலந்த பயன்பாடு, குறுகிய தெருத்தொகுதிகள், பழைய கட்டடங்கள், போதிய மக்கள் செறிவு ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் தெரு உயிரோடு இருக்கும் என்றார். ஆனால் நூலின் முன்னுரையில், நகரத்தைக் கலைத்து வட்டாரமெங்கும் பரப்ப நினைத்தவர்களின் அணியில் ஹோவர்டோடும் லூயிஸ் மம்போர்டோடும் கெடிஸையும் சேர்த்துவிடுகிறார். தஞ்சாவூரில் சந்துகளைக் காப்பாற்ற வாதாடிய கெடிஸ் அங்கே இல்லை. மம்போர்டு கெடிஸைத் தம் ஆசானாகக் கொண்டவர்; 1947 தொகுப்புக்கு அறிமுகம் எழுதியவரும் அவரே. அவர்தான் 1962-இல் ஜேக்கப்ஸின் நூலைக் கடுமையாகச் சாடி நீண்ட மதிப்புரை எழுதினார். ஆசானின் இந்திய அறிக்கைகளுக்கும் ஜேக்கப்ஸுக்கும் இருந்த உறவு இருவரின் சண்டையில் மறைந்துபோனது. நகரமைப்புச் சிந்தனையின் வரலாறு அட்லாண்டிக் கரைகளுக்குள்ளேயே எழுதப்பட்டதால் நேர்ந்த இழப்பு இது.

லிஞ்சின் நூலை முறையியலுக்காகப் படிக்க வேண்டும். பாதைகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளச் சின்னங்கள் என்ற ஐந்து கூறுகளை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். பாஸ்டன், ஜெர்சி நகரம், லாஸ் ஏஞ்சலிஸ் மூன்றிலும் சேர்த்து அவர் பேட்டி கண்டவர்கள் அறுபது பேர் அளவில்தான் என்பதையும், அவர்களில் நடுத்தர வகுப்பினரே மிகுதி என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மதுரையில் பூக்கட்டும் பெண்ணின் மனத்திலிருக்கும் வரைபடத்தை இந்த ஐந்து கூறுகளுக்குள் அடக்க முடியுமா என்பது ஆய்வுக்குரிய கேள்வி. ஒயிட்டின் முறை எளிது: நியூயார்க் சதுக்கங்களில் கேமரா வைத்து மக்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தார். உட்கார இடமிருக்கும் இடத்தில் உட்காருகிறார்கள் என்று கண்டார். அதன் பயனாக 1975-இல் அந்நகரத்தின் விதிகளே திருத்தப்பட்டன.

கெடிஸிடமும் ஒரு பெருங்குறை உண்டு. தேரோடும் வீதிகளையும் கோயில் ஊர்களின் அமைப்பையும் அவர் வியந்து எழுதினார். அந்த அமைப்பில் யார் எங்கே வாழ அனுமதிக்கப்பட்டார்கள் என்ற கேள்விக்கு அந்த வியப்பில் போதிய இடமில்லை. ஆகவே நகரமைப்புப் பட்டியலில் வழக்கமாக இடம்பெறாத ஒரு நூலை இங்கே சேர்க்கிறேன். அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதவர்கள்’ நூலின் இரண்டாம் பகுதி, அவர்கள் ஏன் ஊருக்கு வெளியே வாழ்கிறார்கள் என்று கேட்கிறது. அவர் தந்த வரலாற்று விடையை ஏற்காதவர்கள் உண்டு. கேள்வி மட்டும் ஒவ்வொரு நிலப்பயன்பாட்டு வரைபடத்துக்கும் பொருந்தும். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் நகரத்தின் தென்கோடியில் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டதை, ஊர்–சேரி என்ற பழைய பிரிவினையை அறியாமல் வெறும் வீட்டுவசதிக் கணக்காகப் படிப்பவர் பாதியைத்தான் படிக்கிறார்.

கடைசியாகச் சட்டபூர்வ ஆவணம். 1189 சதுர கிலோமீட்டர் பரப்புக்குத் தயாரிக்கப்பட்ட சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் மூன்று தொகுதிகளாக வந்தது. வளர்ச்சி விதிகளைக் கட்டடக்காரர்கள் வரிவரியாகப் படிக்கிறார்கள், குடிமக்கள் படிப்பதில்லை. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதி நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டு, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒரு விதி. ஒரு மாணவர் தம் பகுதியின் லேஅவுட் நகலை எடுத்துக்கொண்டு போய், அந்த நிலம் இன்று பூங்காவாக இருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா, கட்டடமாகிவிட்டதா என்று பார்த்து வந்தால், அதுவே கெடிஸ் சொன்ன நோயறிதல்.

கட்டடக்கலை, நகரமைப்புத் துறைகள் இந்த வரிசையை முதற்பருவத்திலேயே வைக்க வேண்டும். தஞ்சாவூர், மதுரை அறிக்கைகளை இன்றைய வரைபடங்களோடு சேர்த்து, குறிப்புரையுடன் தமிழில் பதிப்பிக்கும் பொறுப்பை நம் பல்கலைக்கழகங்களில் ஒன்றாவது ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.