பெக்கால் பெட்டிக்குள் ஒரு நூற்றாண்டு



புதிய பள்ளித் தவணை தொடங்கினால் பெற்றோர் நம்மிடம் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், பிள்ளைக்கு என்ன பெக்கால் கட்டிக் கொடுக்கலாம்? சீக்கிரமா செய்யணும், சத்தாவும் இருக்கணும்." நாமும் ஒரு பட்டியலைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்: பழம், முட்டை, கடலை, ரொட்டி.

பட்டியல் தப்பில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் உணவுப் பெட்டியில் என்ன இருக்கும் என்பதை அம்மா மட்டுமே முடிவு செய்வதில்லை. நாள்கூலி, கப்பலில் வந்த அரிசி, போர், சட்டம், கடை விளம்பரம் என்று எல்லாவற்றுக்கும் அதில் கை உண்டு. இந்த மண்ணில் நம் பிள்ளைகள் என்ன சாப்பிட்டுப் பள்ளிக்குப் போனார்கள் என்ற கதை தெரிந்தால், நாம் சொல்கிற பட்டியலும் மாறும், சொல்கிற விதமும் மாறும். அந்தக் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம், வாங்க.

புழுங்கல் அரிசி தந்த பாதுகாப்பு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைக் கொன்றது. கால் வீங்கும், நடை தளரும், கடைசியில் இதயம் நின்றுவிடும். காரணம் யாருக்கும் தெரியவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களிடம் இந்த நோய் அதிகம். புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களிடம் மிகக் குறைவு. இதைப் பற்றி 1907-இல் ஒரு நூலே எழுதினார். அரிசியில் ஏதோ நச்சு இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் இருவரும் அதே காலக்கட்டத்தில் நெகிரி செம்பிலானின் டுரியான் தீபுஸ் காட்டுப் பகுதியில் சாலை போட்ட ஜாவா தொழிலாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வெள்ளை அரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களுக்கு நோய் வந்தது. அரிசியில் நச்சு இல்லை, தீட்டும்போது ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்பது மெல்ல உறுதியானது. அதுதான் பின்னாளில் வைட்டமின் பி1 என்று பெயர் பெற்றது.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இந்த அறிவியல் நம் பாட்டிமாருக்குத் தெரியாது. ஊர்ப் பழக்கத்தை விடாமல் புழுங்கல் அரிசியைத்தான் கேட்டு வாங்கினார்கள். அந்தப் பழக்கம் உயிரைக் காத்தது. "பழைய சாப்பாடுதானே" என்று எதையும் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

தோட்டப் பள்ளியும் காலைப் பசியாறலும்

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கூட்டரசு மலாய் மாநிலங்களில், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது அந்தச் சட்டம். பள்ளி வந்தது. சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு.

அந்தக் காலைப்பொழுதை மாணவர்களுக்குச் சொல்லிக் காட்டுங்கள். விடியும் முன்பே பெரட்டுக்கு மணி அடித்துவிடும். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். பள்ளிக்குப் போகும் பிள்ளை தானே பசியாற வேண்டும். இருந்தால் நேற்றைய சோறும் நீராகாரமும், இல்லாவிட்டால் ஒரு மங்கு கோப்பி ஓ. 'பசியாறுதல்' என்ற சொல்லை நாம் காலை உணவுக்கு இன்றும் பயன்படுத்துகிறோம். பசி என்பது சொல்லிலேயே இருக்கிறது, பாருங்கள்.

1930-இல் ரப்பர் விலை சரிந்தது. ஆணின் நாள்கூலி 50 சென்னிலிருந்து 40 சென்னுக்கும், பெண்ணின் கூலி 40 சென்னிலிருந்து 32 சென்னுக்கும் இறங்கியது. பத்து சென் குறைந்தால் முதலில் எது குறையும்? பருப்பு, கருவாடு, காய்கறி. சோறு அப்படியே இருக்கும், அதோடு சேருவது போய்விடும். வயிறு நிறைந்தும் சத்துக் குறைந்த பிள்ளை இப்படித்தான் உருவாகிறது.

டின் பாலும் ஒரு மருத்துவரும்

1930-களின் பிற்பாதியில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் சிங்கப்பூருக்கு வந்தார். புரதக் குறைவால் வரும் 'குவாஷியோர்கர்' நோயை, அதற்கு முன்பே ஆப்பிரிக்காவில் பணியாற்றியபோது மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர். இங்கே அவர் கண்டது வேறு ஒன்று. சர்க்கரை சேர்த்த கெட்டிப்பாலை, தாய்ப்பாலுக்கு ஈடு என்று நம்பிக் கைக்குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுத்தார்கள். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்குத் தலைப்பே 'பாலும் கொலையும்'. குழந்தைகள் சாவதற்குத் தவறான விளம்பரமும் ஒரு காரணம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. டின்னில் ஓடி விளையாடும் பிள்ளையின் படம், 'சக்தி தரும்' என்ற வாசகம், உள்ளே சர்க்கரை. இன்றைக்கும் பெட்டியில் வைக்கும் பல பானங்களுக்கு இதே கதைதான். டப்பாவைத் திருப்பி, சர்க்கரை எத்தனை கிராம் என்று படிக்கக் கற்றுக்கொடுப்பது மொழிப் பாடத்திலும் செய்யக்கூடிய வேலைதான்.

மரவள்ளி ஆண்டுகள்

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும்தான் வாங்கிவந்தது. போரில் அந்தக் கப்பல் போக்குவரத்து முடங்கியது. லயத்து வாசலிலும் பள்ளித் திடலிலும்கூட மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டார்கள். காலையிலும் மரவள்ளி, இரவிலும் மரவள்ளி. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆண்களை ஏற்றிக்கொண்டு போன தோட்டங்களில், பிள்ளைகளின் வயிற்றுப்பாட்டை அம்மாக்கள் தனியாகப் பார்த்தார்கள்.

மரவள்ளியில் மாவுச்சத்து நிறைய உண்டு, புரதம் மிகக் குறைவு. அதை மட்டுமே மூன்றரை ஆண்டு தின்ற பிள்ளைகள் மெலிந்துபோனதில் வியப்பில்லை. அந்தத் தலைமுறையில் பலர் கடைசிவரை மரவள்ளியைத் தொடமாட்டேன் என்றார்கள். "ஜப்பான்காரன் காலத்துல தின்னது போதும்பா" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் வெறுத்தது கிழங்கை அல்ல, அந்தக் காலத்தை. ஒரு பிள்ளை அவித்த மரவள்ளியைத் தேங்காய்ப்பூவோடு கொண்டு வந்தால், இன்று அது நல்ல சிற்றுண்டி. பக்கத்தில் ஒரு அவித்த முட்டையும் இருந்தால் போதும், அந்தக் காலத்தில் இல்லாதது வந்து சேர்ந்துவிடும்.

சோற்றுப் பொட்டலத்துக்குத் தடை

போர் முடிந்தும் நிம்மதி வரவில்லை. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பதற்காக, கடும் கட்டுப்பாடு இருந்த பகுதிகளில் அரிசி அளந்துதான் கிடைத்தது. டின் உணவை விற்கும்போதே ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள், எடுத்து வைத்துக்கொள்ள முடியாதபடி. பால்மரம் வெட்டப் போகிறவர் மதியச் சோற்றை வேலிக்கு வெளியே கொண்டுபோகக்கூட அனுமதி இல்லை. வாசலில் சோதனை.

இதை வரலாற்றுப் பாடத்தில் சொல்லும்போது மாணவர்களிடம் ஒன்று கேளுங்கள்: "உன் பெக்கால் பெட்டியை கேட்டுல நிக்கிற போலீஸ்காரர் திறந்து பார்த்துப் பறிச்சுக்கிட்டா எப்படி இருக்கும்?" அவசரகாலம் என்ற சொல் அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

பசியிலிருந்து பருமனுக்கு

சிங்கப்பூரில் போருக்குப் பிந்திய பஞ்சத்தில், 1947-இல் சமூகநலத் துறை சின்னப் பிள்ளைகளுக்கு இலவச உணவு நிலையங்களைத் திறந்தது. மலேசியாவில் 1979 முதல் ஏழைத் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குக் கூடுதல் உணவுத் திட்டம் பரவலானது. 1983-இல் பள்ளிப் பால் திட்டம் வந்தது. நம்மில் சிலர் அந்தப் பால் பாக்கெட்டைக் குடித்து வளர்ந்தவர்கள்தான்.

இதே காலத்தில் கடைப் பொருள்களும் பெட்டிக்குள் நுழைந்தன. 1934-இல் ஆஸ்திரேலியாவில் உருவான மைலோவுக்கு 1962-இல் பெட்டாலிங் ஜெயாவில் தொழிற்சாலை எழுந்தது. 1970-களின் தொடக்கத்தில் இரண்டு நிமிட மேகி மீ வந்தது. காலை ஷிப்டுக்கு ஓடும் தொழிற்சாலை அம்மாவுக்கு அந்த இரண்டு நிமிடம் பெரிய உதவி. அதை மறந்துவிட்டு அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பிறகு கவலையே தலைகீழானது. 1992-இல் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பருமனான மாணவர்களுக்காக 'டாஃப்' என்ற உடற்பயிற்சித் திட்டம் தொடங்கியது. அந்த மூன்று ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'குண்டு' என்று பொருள்படும் சொல் வரும். பிள்ளைகள் விடுவார்களா? கேலி செய்தார்கள். எடை குறைந்த மாணவர்களும் இருந்தார்கள், மனம் நொந்த மாணவர்களும் இருந்தார்கள். 2007-இல் அதைக் கைவிட்டார்கள். 2011-இல் தொடங்கிய திட்டம் மாணவரைத் தனியே பிரிக்கவில்லை, சிற்றுண்டிச்சாலையின் உணவையே எல்லாருக்குமாக மாற்றியது.

நம் நாட்டு நிலவரம்? 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். புழுங்கல் அரிசியால் பெரிபெரியிலிருந்து தப்பிய அதே சமூகம் இது. ஆகவே பெக்கால் பெட்டி நமக்குச் சின்ன விஷயம் இல்லை.

வகுப்பறைக்குக் கொண்டுபோக

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட நடைமுறைகள் சில. உங்களுக்கும் உதவலாம்.

ஒன்று, மாவுச்சத்து தனியே வரக் கூடாது. 1930-லும் 1942-லும் நேர்ந்தது அதுதான். இட்லியோ ரொட்டியோ கிழங்கோ எதுவானாலும், கூடவே கடலை, பயறு, முட்டை, நெத்திலி இவற்றில் ஒன்று இருக்கட்டும்.

இரண்டு, நம்மிடம் இருப்பதை முதலில் பாருங்கள். ஈப்போ புந்தோங்கில் எட்டயபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் கச்சாங் பூத்தேயை நாடறியச் செய்தார்கள். அந்தக் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, காலையில் அவித்து, கடுகு தாளித்தால் சுண்டல் தயார். பெற்றோரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: ஆறு மணிக்குக் கட்டி பத்து மணிக்குச் சாப்பிடும் பெட்டியில் பச்சைத் தேங்காய் கெட்டுப்போகும். தேங்காயை வறுத்துச் சேர்க்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். சூடு ஆறிய பிறகு மூடச் சொல்லுங்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கடலையை மசித்துக் கொடுப்பது நல்லது, தொண்டையில் சிக்காது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை வகுப்பில் உண்டா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, தாகத்துக்குத் தண்ணீர். இனிப்புப் பானம் விசேஷ நாளுக்கு இருக்கட்டும்.

நான்கு, ஒரு சிறிய பணி. "நீங்க ஸ்கூலுக்கு என்ன சாப்பிட்டுப் போனீங்க?" என்று மாணவர்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு, ஒரு பக்கம் எழுதி வரட்டும். தூக்குச்சட்டி, மங்கு, நீராகாரம், கூட்டுக்கடை என்று அகராதிக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும் சொற்கள் திரும்ப வரும். கட்டுரைப் பயிற்சியும் ஆகும், வாய்மொழி வரலாறும் ஆகும். எண்பதைத் தாண்டியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. தயவுசெய்து வகுப்பின் முன்னே யாருடைய பெட்டியையும் திறந்து காட்டச் சொல்லாதீர்கள். நல்ல நோக்கத்தோடு தொடங்கிய திட்டமே கேலியில் முடிந்ததைப் பார்த்தோம். மீ கொண்டு வந்த பிள்ளைக்கு வீட்டில் வேறு வழி இல்லாமல் இருக்கலாம். பெட்டியே இல்லாமல் வருகிற பிள்ளையும் நம் வகுப்பில் இருக்கும். ஓய்வு நேரத்தில் "எனக்குப் பசிக்கல டீச்சர்" என்று வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது சத்துணவு அறிவுரை இல்லை. அதன் பெயர் கூடுதல் உணவுத் திட்டப் பட்டியலில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். இடைநிலைப்பள்ளியில் அந்தத் திட்டம் இல்லையென்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் பேசுங்கள். அதுவரைக்கும் உங்கள் மேசையில் நாலு வாழைப்பழம் இருக்கட்டும். "பசியாறிட்டியாப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.