சென்னையில் சிதறல் கணக்கு

துகள்கள் மோதிச் சிதறும்போது எந்த விளைவு எவ்வளவு வாய்ப்புடன் நிகழும் என்பது சிதறல் வீச்சு என்னும் சார்பிலிருந்து கிடைக்கும். மோதலின் நடுவே நடப்பதை விட்டு, முன்னும் பின்னும் அளக்கக்கூடியதை மட்டும் கொண்டு இயற்பியலைக் கட்ட 1943இல் ஹைசன்பர்க் முனைந்தார். அப்போது சார்பைக் கட்டுப்படுத்துபவை நிபந்தனைகளே. எல்லா விளைவுகளின் நிகழ்தகவும் கூடி 1 ஆக வேண்டும். உள்வரும் துகளை வெளியேறும் எதிர்த்துகளாக மாற்றினாலும் அதே சார்பு பொருந்த வேண்டும். இது குறுக்குச் சமச்சீர்.

சென்னையில் இத்துறை வளர்ந்தது மயிலாப்பூர் ஏகாம்ர நிவாஸ் இல்லத்தில். பிரின்ஸ்டனிலிருந்து 1958இல் திரும்பிய அல்லாடி ராமகிருஷ்ணன், அங்கே மாணவர்களுக்குக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960இல் நீல்ஸ் போர் வந்து பாராட்டினார். அக்கருத்தரங்கிலிருந்து உருவான கணித அறிவியல் நிறுவனத்தை 1962 ஜனவரி 3 அன்று மாநிலக் கல்லூரியில் சுப்பிரமணியன் சந்திரசேகர் தொடங்கிவைத்தார்.

சேலத்தில் பிறந்த ஏ. பி. பாலச்சந்திரன் அல்லாடியின் மாணவர். 1962இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். முழு வீச்சுக்குக் குறுக்குச் சமச்சீரை எழுதுவது எளிது. கோண உந்தவாரியாகப் பகுதி அலைகளாகப் பிரித்தாலோ, அந்நிபந்தனை முடிவில்லாத அலைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். 1968இல் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அவரும் நுயிட்ஸும் அதைச் சில அலைகளை மட்டும் இணைக்கும் சமன்பாடுகளாக்க வழி கண்டனர். பின்னர் ராஸ்கீஸ் அவற்றை விரித்தார். பயான் என்னும் துகள்களின் சிதறல் ஆய்வில் அவை மூவர் பெயராலும் வழங்குகின்றன.

அதே 1968இல் வெனிசியானோ, ஆய்லரின் பீட்டா சார்பே குறுக்குச் சமச்சீருடைய வீச்சைத் தருவதைக் கண்டார். அந்தச் சூத்திரம் அதிரும் இழைகளின் சிதறலைக் குறிக்கிறது என்று நாம்பு, நீல்சன், சஸ்கிண்ட் விளக்க, இழைக் கோட்பாடு பிறந்தது. காலவெளிக்கு 26 பரிமாணம் இருந்தால்தான் நிகழ்தகவு நிபந்தனை குலையாது என்று 1971இல் லவ்லேஸ் காட்டினார். மீச்சமச்சீர் கொண்ட இழைகளான மீயிழைகளுக்கு 10 போதும். இழையின் நிறையற்ற அதிர்வுகளில் ஒன்று ஈர்ப்புத் துகளான கிராவிட்டான் என்பது 1974இல் தெளிவானது.

கிராவிட்டான் சிதறல் ஆய்வு சென்னையின் இன்னொரு நிறுவனத்திலும் நடந்தது. காஞ்சிபுரத்தில் பிறந்த கணிதவியலாளர் சி. எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கிய நிறுவனமே இன்றைய சென்னைக் கணிதவியல் கழகம். சிப்காட் நிறுவனத்தின் சிறுசேரிப் பூங்காவில் அது 2005 முதல் இயங்குகிறது. ஆற்றல் மிகக் குறைந்த கிராவிட்டான் சேரும்போது எந்த வீச்சும் ஒரே விதிப்படி மாறும் என்பது வைன்பர்க் 1965இல் நிறுவிய தேற்றம். இக்கழகத்தின் அலோக் லத்தா 2018இல் அசோக் சென்னுடன் சேர்ந்து, மோதும் பொருள்கள் உமிழும் ஈர்ப்பலையின் தாழ் அதிர்வெண் பகுதியை அதிலிருந்தே கணக்கிட்டார்.