புகை மாறியது, பிணைப்பு மாறவில்லை

புகையிலை முஸ்லிம் நாடுகளை எட்டி நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அது ஹராமா, மக்ரூஹா, ஆகுமானதா என மார்க்க அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்தனர். 1617இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் அதைத் தடை செய்தார். 1633இல் உதுமானிய சுல்தான் நான்காம் முராத் மரண தண்டனையே அறிவித்தார். ஆயினும் அவர் மறைந்தபின் பழக்கம் வெளிப்படையாக மீண்டது. அச்சம் கையைத் தடுக்கும். உள்ளத்து நாட்டத்தை அழிக்காது.

2003இல் சீன மருந்தாளுநர் ஹான் லிக் மின் சிகரெட்டை உருவாக்கினார். அவரும் புகைபிடிப்பவர், தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புகையிலையை எரிக்காமல் நிகோடினை மட்டும் ஆவியாக்கித் தருவதே அவரது எண்ணம்.

அதில் ஓரளவு பயன் இருந்ததை மறுப்பதற்கில்லை. 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 886 பேர் கலந்துகொண்டனர். ஓராண்டு முடிவில் மின் சிகரெட் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினரும், நிகோடின் பட்டை, சூயிங்கம் போன்றவை பெற்றவர்களில் 9.9 விழுக்காட்டினரும் சிகரெட்டை விட்டிருந்தனர். ஆனால், மின் சிகரெட்டால் விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் அப்போதும் அக்கருவியை விடவில்லை. மற்றப் பிரிவில் அவ்வாறு தொடர்ந்தோர் 9 விழுக்காட்டினரே.

புகைப்பவர் அதற்கு மாறுவது ஒன்று. முற்றிலும் விட்டவர் அதை வாயில் வைப்பது வேறு. பின்னவருக்கு நிகோடின் வேட்கை மீண்டும் விழிக்கிறது. கையை வாய்க்குக் கொண்டுசெல்லும் பழைய வழக்கமும் உயிர்பெறுகிறது. விட்டவர்களைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வுகள் சிலவற்றில், மின் சிகரெட்டைத் தொட்டவர்களே சிகரெட்டுக்கு அதிகம் திரும்பினர். முன்பே தடுமாற்றத்தில் இருந்தவர்கள் அதை நாடியிருக்கவும் கூடும். எனினும் எச்சரிக்கைக்கு இது போதும்.

இந்தியா 2019இல் இதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு ஆகியவற்றைத் தடை செய்தது. முதல் குற்றத்திற்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அதே ஆண்டில் ஐக்கிய அரபு அமீரகம் விற்பனையை அனுமதித்தது. எறையூர், லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் எனப் பெரம்பலூர்ப் பகுதியிலிருந்து வளைகுடா சென்று திரும்பும் சகோதரர்கள் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம்.

ரமளானில் பகல் முழுதும் புகையை விலக்கியவர், தமக்கு அந்த ஆற்றல் உண்டென அறிவார். அதை ஒரு கருவியிடம் அடகு வைக்க வேண்டியதில்லை. தடுமாறுவோர் 1800-11-2356 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.